ஆசிய ஊக்க மாறிலி

மனிதன் ஏன் படிக்கிறான் என்ற கேள்விக்கு விடை கண்டுபிடிக்கப்பட்டாயிற்று. பெப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு, லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில் வைத்துக் கலாநிதி வாமதேவன் அதைக் கண்டுபிடித்தார். அன்று மழை. லிப்ட் வேலை செய்யவில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே சொல்வதற்கில்லை. சொன்னால் கடிதம் எழுதுவார்கள். கடிதம் எழுதுவதற்கென்றே அங்கே ஒரு மையம் இருக்கிறது.

வாமதேவன் நடத்தியது அந்த மையம் அல்ல. அவருடையது ஊக்க அளவீட்டு மையம். ஓர் அறை, தேநீருக்கு ஒரு கேத்தல், ஒரு வெள்ளைப் பலகை, இரண்டு ஊழியர்கள். கண்டுபிடித்த கையோடு அவர் ஊழியர்களைக் கூட்டினார்.

"உலகத்தில ரெண்டே ரெண்டு ஊக்கம்தான் இருக்கு. உள்ளூக்கம், வெளியூக்கம். உள்ளூக்கம் எண்டா மூச்சு. வெளியூக்கம் எண்டா ஒட்சிசன் சிலிண்டர். அறிவில ஆசைப்பட்டுப் படிக்கிறவன் மூச்சு விடுறான். அம்மாவுக்காகப் படிக்கிறவன், சோதினைக்காகப் படிக்கிறவன், பக்கத்து வீட்டுக்காரனுக்காகப் படிக்கிறவன் எல்லாரும் சிலிண்டரை இழுத்துக்கொண்டு திரியினம். இந்தக் கட்டடத்தில நான் ஒருத்தன்தான் மூச்சு விடுறன்."

நிர்வாகம் பார்க்கும் ரஞ்சனா அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டார். அவர் திருச்சிக்காரர், எதையும் எழுதிக்கொள்வார், எதற்கும் சிரிக்கமாட்டார். மற்ற ஊழியன் றஜீவன். இரண்டாம் ஆண்டு மாணவன், வாரத்துக்குப் பத்து மணிநேரம் உதவியாளன். புள்ளியியலில் ஒருமுறை சித்தியெய்தத் தவறியவன். மே இருபத்திரண்டாம் திகதி மறுபரீட்சை. அதிலும் தவறினால் படிப்பு அத்தோடு சரி. அளவீட்டு மையத்துக்கு அவனை எடுத்தபோது இதை எவரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

மையத்துக்கு முதல் ஆராய்ச்சி கிடைத்த கதை எளிமையானது. கட்டடப் பராமரிப்புப் பகுதி ஒரு முறைப்பாடு அனுப்பியிருந்தது. மூன்றாம் மாடியில் 3.07 என்ற மௌன வாசிப்பறையில் கதிரைகள் மற்ற அறைகளைவிட இரண்டு மடங்கு வேகமாகத் தேய்கின்றன. விசாரித்ததில் அங்கே பெரும்பாலும் சீன மாணவர்களும் பிலிப்பினோ மாணவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும், எழும்புகிறார்கள் இல்லை என்றும் தெரியவந்தது. புதுக் கதிரை வாங்கினால் ஒரு கிழமையில் முடிகிற வேலை. பல்கலைக்கழகம் அப்படிக் குறுக்கு வழியில் போகும் நிறுவனம் அல்ல. இவர்களை உட்காரவைப்பது எது என்று ஆராயும்படி ஊக்க அளவீட்டு மையத்துக்குக் கட்டளை வந்தது.

"தம்பி, நீர் போய் வினாக்கொத்தைக் குடுத்து நிரப்பிக்கொண்டு வாரும்," என்றார் வாமதேவன். "அந்த அறை எங்க இருக்கெண்டு தெரியுமோ?"

"தெரியும் சேர்."

தெரியாமல் என்ன? ஈஸ்ட் ஹாமில் அவனுடைய வீடு ஒரு சேலைக்கடைக்கு மேலே. கீழே கலியாணச் சேலைப் பேரம், பக்கத்து அறையில் மிருதங்கம் பழகும் தம்பி, எல்லாவற்றுக்கும் நடுவில் அணைக்கப்படாத டிவி. உலகத்தில் அவனால் இருபது நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் உட்காரக்கூடிய ஒரே இடம் 3.07. சன்னல் பக்கத்துக் கதிரை ஒன்றைத் தேய்த்ததில் அவனுக்கும் பங்கு உண்டு. அதையும் அவன் சொல்லவில்லை.

வினாக்கொத்தில் நாற்பது கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை புள்ளி போட வேண்டும். ஏழு என்றால் முற்றாக உடன்படுகிறேன். பதினேழாவது கூற்று ஒரு பொறி: 'நான் மீன்களுக்குப் பயந்து படிக்கிறேன்.' வாசிக்காமல் புள்ளி போடுகிறவர்களைப் பிடிப்பதற்காக வாமதேவன் தன் கையாலேயே எழுதியது. அதில் அவருக்குத் தனிப் பெருமை.

றஜீவன் மழையில் தொப்பலாக நனைந்து வந்து தாள்களைக் கொடுத்தான். மாலைக்குள் எல்லாம் திரும்பி வந்தன. நாற்பத்துமூன்று சீன மாணவர்களும் நாற்பது கூற்றுக்கும் நான்கு போட்டிருந்தார்கள். முப்பத்தொரு பிலிப்பினோ மாணவர்களும் நாற்பது கூற்றுக்கும் ஏழு போட்டிருந்தார்கள். மீன் உட்பட.

மறுநாள் அவன் இருவரைப் பிடித்து விசாரித்தான். ஒருத்தி ஜியாயி; பாலம் கட்டும் பொறியியல் படிப்பவள். மற்றவள் ரோவேனா, தாதியர் பயிற்சி.

"ஏன் எல்லாத்துக்கும் நாலு?"

"ஏழு போட்டால் பெருமை அடிப்பது மாதிரி இருக்கும். ஒன்று போட்டால் முறைப்பாடு மாதிரி. நாலு மரியாதை," என்றாள் ஜியாயி.

"நீங்கள் ஏழு போட்டது?"

"நீங்கள் நனைந்து போய் வந்திருந்தீர்கள்," என்றாள் ரோவேனா. "பாவமாக இருந்தது."

"மீனுக்குமா?"

"மீனுக்குத்தான் யோசித்தேன். அதற்கு மட்டும் குறைத்துப் போட்டால் கேள்வி எழுதியவர் மனம் நோகாதா?"

றஜீவன் தாளை மடித்து வைத்துவிட்டு, உண்மையாகவே ஏன் படிக்கிறீர்கள் என்று கேட்டான். ஜியாயி கொஞ்ச நேரம் பேனையைக் கடித்தாள். வகுப்பில் அவள் நாலாவது. மூன்றாவதாக வருகிறவள் புள்ளி வாசிக்கப்படும்போது தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குவாள். மெதுவாக, இரண்டு விரலால். "அந்த இரண்டு விரலுக்காகத்தான் நான் கொங்கிரீட் படிக்கிறேன்," என்றாள் அவள்.

ரோவேனாவின் கதை வேறு. அவள் ஊரில் யாராவது பரீட்சை பாஸ் பண்ணினால் படமும் பெயரும் போட்டுத் தெருவுக்குக் குறுக்கே பெரிய பேனர் கட்டுவார்கள். அவளுடைய பெரியம்மா அவளுக்கும் பேனர் அடித்துவிட்டாள். பரீட்சை நடக்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. அச்சகத்தில் ஒன்று அடித்தால் இரண்டாவது இலவசம் என்றார்களாம். மச்சானுக்கு ஒன்று அடிக்கப் போன இடத்தில் இவளுக்கும் அடித்தாயிற்று. "இப்போது அது கட்டிலுக்குக் கீழே சுருட்டி இருக்கிறது. பன்னிரண்டு அடி. நான் பெயிலானால் அதை என்ன செய்வது, சொல்லுங்கள். கோழிக்கூட்டுக்கு மேலே போட்டாலும் என் முகம் தெரியும்."

றஜீவனுக்கு அது நன்றாக விளங்கியது. அவன் கணக்காளர் ஆகிவிட்டான் என்று அவனுடைய அம்மா கோயிலில் சொல்லி இப்போது ஒன்றரை வருடம்.

இன்னொன்றையும் அவன் கவனித்திருந்தான். ஜியாயியின் மேசையில் எப்போதும் போன் நிமிர்த்தி வைத்திருக்கும். அதில் ஒரு சமையலறை. அங்கே அப்போது மாலை. அவளுடைய அம்மா முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருப்பாள். இருவரும் பேசுவதில்லை. ரோவேனாவின் போனில் ஒரு குட்டித் தங்கை நாவைத் துருத்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். அவர்களும் பேசுவதில்லை.

"அம்மா காவல் இருக்கிறாவா?"

"அம்மா என்னைப் பார்ப்பதே இல்லை," என்றாள் ஜியாயி. "கத்திச் சத்தம் கேட்டால் எனக்குப் போதும். ஒருநாள் போனை வைத்த இடத்தில் மறந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நான் வெறும் சமையலறையோடு மூன்று மணிநேரம் படித்தேன். நன்றாகத்தான் ஓடிற்று."

"நான் எழும்பினால் தங்கை எழும்பிவிடுவாள்," என்றாள் ரோவேனா. "அவள் எழும்பினால் நானும் எழும்பிவிடுவேன். அதனால் இரண்டு பேரும் எழும்புவதில்லை."

இதற்கு வினாக்கொத்தில் புள்ளி போடும் கூடு இல்லை. றஜீவன் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு போய் வாமதேவனிடம் கொடுத்தான். அவர் வாசித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குக் குசினியில இருந்து காவல். பாத்தீரோ? சிலிண்டர். வெறும் சிலிண்டர் இல்லை, ஐயாயிரம் மைல் குழாய் போட்ட சிலிண்டர்." அவர் சிரித்து முடிக்க நேரம் எடுத்தது. "அம்மா முட்டைக்கோவா வெட்டினாத்தான் கொங்கிரீட் இறுகும் எண்டா, அந்தப் பாலத்தில நான் ஏறமாட்டன்."

"ஓரத்தில எழுதினதை என்ன செய்யிறது சேர்?"

"ஓரத்தை வெட்டிவிடும். எங்களுக்குத் தரவு தான் முக்கியம்."

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழு வேண்டும். அதற்குத் தமிழ்ப் பிள்ளைகளைத் தெரிவு செய்தார் வாமதேவன். தமிழ்ப் பிள்ளைக்கு உள்ளூக்கம் பிறவியிலேயே உண்டென்பது அவருடைய கருத்து. றஜீவன் ஈஸ்ட் ஹாமில் ஒரு ரியூசன் வகுப்புக்குப் போனான். ஒரு நகைக்கடைக்கு மேல்மாடி. முப்பது பிள்ளைகள், ஒரு ஹீற்றர், தில்லையம்பலம் மாஸ்ரர்.

மாஸ்ரர் வினாக்கொத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"உது எத்தினை மாக்ஸ் பேப்பர்?"

"இது சோதினை இல்லை மாஸ்ரர். மனதில பட்டதைப் போடலாம்."

"மனதில பட்டதையோ? அப்ப ஆர் திருத்திறது?"

"ஒருத்தரும் திருத்தினம் இல்லை."

மாஸ்ரர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரெண்டு நாள் விட்டு வாரும்."

இரண்டு நாள் கழித்துத் தாள்கள் தயாராக இருந்தன. முப்பது பிள்ளைகளும் உள்ளூக்கக் கூற்றுகள் அனைத்துக்கும் ஏழு, வெளியூக்கக் கூற்றுகள் அனைத்துக்கும் ஒன்று. மீனுக்கு ஒன்று. 'வேறு ஏதும்' என்ற இடத்தில் முப்பது பேரும் ஒரே வசனத்தை எழுதியிருந்தார்கள்: 'அறிவு தரும் இன்பம் ஒன்றுக்காகவே நான் கற்கிறேன்.' வெள்ளைப் பலகையில் அந்த வசனம் இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. அதற்கு மேலே பெரிய எழுத்தில் 'மாதிரி விடை'.

"முதல் தரம் எழுதேக்க ஒரு பெடியன் அம்மா அடிப்பா எண்டு எழுதிப்போட்டான்," என்றார் மாஸ்ரர். "கூப்பிட்டுக் கதைச்சு, திருப்பி எழுதவிச்சனான். இப்ப சரி."

றஜீவன் நடந்ததை அப்படியே வாமதேவனிடம் சொல்லத் தொடங்கினான். அவர் கையை உயர்த்தினார். முப்பது தாள்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"விலகல் பூச்சியம்," என்றார். "தம்பி, உலகத்தில எந்த இனத்திலயும் இப்பிடி ஒரு ஒருமைப்பாட்டை நீர் பாக்கேலாது."

அதுமட்டும் உண்மை.

ஏப்ரலில் அறிக்கை டீன் எனப்படும் பீடாதிபதியின் குழு முன்னால் வைக்கப்பட்டது. சீன மாணவர்களின் சராசரி நான்கு, பிலிப்பினோ மாணவர்களின் சராசரி ஏழு, இரண்டுக்கும் நடுவே ஐந்து தசம் ஐந்து. இதற்கு வாமதேவன் 'ஆசிய ஊக்க மாறிலி' என்று பெயரிட்டிருந்தார். றஜீவன் அவருக்கு நேர் பின்னால் இருந்து அவருக்கு மட்டும் கேட்கிறமாதிரிச் சொன்னான்.

"சேர், அவை நாற்பத்துமூண்டு பேர், இவை முப்பத்தொரு பேர். சராசரி அஞ்சரை வராதே."

"நாடு ரெண்டுதானே?"

"நாடு ரெண்டுதான்."

"அப்ப ரெண்டால பிரிக்காம எத்தினையால பிரிக்கிறது?"

புள்ளியியலில் பெயிலான ஒருவன் இதற்கு மேல் வாதாடுவது அழகல்ல. பீடாதிபதி எழுந்தார். அவர் எப்போதும் தயாரிக்காமல் பேசுகிறவர். அந்த நேர்மை அவர் பேச்சில் தெரியும்.

"இந்தப் பல்கலைக்கழகம் மாணவர்கள் படிப்பதை எதிர்க்கவில்லை என்பதை முதலில் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிழையான காரணத்துக்காகப் படிப்பதைத்தான் எதிர்க்கிறோம். சரியான காரணத்துக்காகப் படிக்காமலே இருப்பவர்கள் எம்மிடம் ஏராளம். அவர்களைப் பற்றி இதுவரை ஒரு முறைப்பாடும் இல்லை. அவர்களால் ஒரு கதிரைகூடத் தேயவில்லை. முடிவில் நாம் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் ஏன் இங்கே இருக்கிறேன்? என்னைக் கேட்டால், எனக்கு நாலு மணிக்கு வேறு கூட்டம் இருக்கிறது."

பலத்த கைதட்டல். இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. முதலாவது, 3.07 மாணவர்களுக்கு 'ஊக்க விடுதலைப் பட்டறை' மூன்று காலை நடத்துவது. இரண்டாவது, மே பதினெட்டாம் திகதி 3.07ஐ மூடி, மேசைகளை அகற்றி, மெத்தைகள் போட்டு 'உள்ளூக்க ஓய்வகம்' ஆக்குவது. மூடும் உத்தரவில் மையத் தலைவர் கையெழுத்திட வேண்டும்.

மே பதினெட்டு. றஜீவன் விரலை மடித்து எண்ணினான். அவனுடைய மறுபரீட்சைக்கு நாலு நாள் முன்னதாக. ஜியாயிக்கு அந்தக் கிழமையே இரண்டு தாள். ரோவேனாவுக்குச் செய்முறைப் பரீட்சை. அவனுக்கு மிச்சம் இருந்த இடம் மிருதங்கத்துக்கும் சேலைக்கடைக்கும் நடுவில்.

பட்டறை நடந்தது. புத்தகத்துக்குத் தடை, பேனைக்குத் தடை. போன்களை வாசலில் ஒரு பிரம்புக்கூடையில் போட வேண்டும்; அணைக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. கூடையைக் காவல் காப்பது றஜீவன். வராதவர்களின் பெயர் துறைத் தலைவருக்குப் போகும் என்று மின்னஞ்சல் சொன்னதால் எல்லோரும் தாமாகவே முன்வந்திருந்தார்கள்.

"கண்ணை மூடுங்கள்," என்றார் வாமதேவன். "பரீட்சையை மறந்துவிடுங்கள். வீட்டை மறந்துவிடுங்கள். அறிவின் மேல் ஆசை தானாக எழும். எழும்வரை காத்திருங்கள்."

எட்டு நிமிடம் போயிற்று. ஜியாயி கை உயர்த்தினாள்.

"எனக்கு எழுந்துவிட்டது. புத்தகத்தை எடுக்கலாமா?"

"எடுக்க முடியாது. எடுத்தால் ஆசை நிறைவேறிவிடும். நிறைவேறின ஆசையை அளக்க முடியாது."

ரோவேனா உள்ளங்கையைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். மருந்து அளவுகள் மணிக்கட்டு வரை எழுதியிருந்தன. அப்போது கூடைக்குள்ளிருந்து எண்ணெயில் ஏதோ விழுந்து சீறுகிற சத்தம் வந்தது. ஜியாயியின் அம்மா வாணலியை அடுப்பில் வைத்துவிட்டாள். அதன்மேல் ஒரு குட்டிக் குரல் ஏழாம் வாய்ப்பாடு சொல்லத் தொடங்கியது. எழுபத்துநாலு பேரும் இருந்தபடியே கூடைப்பக்கம் கொஞ்சம் சரிந்தார்கள். அறை முழுவதும் முதல்முறையாக ஓர் அமைதி படர்ந்தது.

"பாத்தீரோ," என்று வாமதேவன் றஜீவனின் காதில் சொன்னார். "எழும்புது."

மூன்றாம் நாள் எல்லோருக்கும் சான்றிதழ் கொடுக்கப்பட்டது. சான்றிதழ் வெளியூக்கம் ஆகாதா என்று ஜியாயி மரியாதையாகக் கேட்டாள். அது சான்றிதழ் அல்ல, நினைவுப்பொருள் என்றார் வாமதேவன். ஆனால் அடியில் முத்திரை இருந்தது.

மே முதல் கிழமை றஜீவன் தேநீர் போடப் போனபோது ரஞ்சனா கதவைச் சாத்தினார்.

"உங்க சார் மறுபடி ஃபெயில் ஆயிட்டார், தம்பி."

"எதில அக்கா?"

"மையத் தலைவர்கள் எல்லாரும் எழுதியாகணும்னு ஒரு தேர்வு வந்திருக்கு. தீ பாதுகாப்பு, தகவல் பாதுகாப்பு, தலைமைப் பண்பு. பாஸ் பண்ணாம எந்த உத்தரவுலயும் கையெழுத்துப் போட முடியாது. எண்பது வேணும். முதல் தடவை அம்பத்திரண்டு. நேத்து அறுபத்தொண்ணு. ரிசல்ட் எல்லாம் எனக்குத்தான் வருது."

"அவர் ஒரு வார்த்தை சொல்லேல்லையே."

"எங்கிட்டயும்தான் சொல்லலை. என்னை அளக்கிற தேர்வு இன்னும் பிறக்கலைன்னு சொல்லிட்டிருக்கார். மூணாவதுதான் கடைசி. பதினெட்டாம் தேதி காலைல. போச்சுன்னா மையம் வேற ஆள் கைக்குப் போயிடும்." ரஞ்சனா கேத்தலை நிறுத்தினார். "புத்தகத்தைத் திறந்தார்னா நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை டீ போட வர்றார். நேத்து மட்டும் பதினோரு டீ."

றஜீவன் கணக்குப் போட்டான். இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டான். வாமதேவன் பெயிலானால் கையெழுத்து இல்லை, 3.07 மூடாது. பாஸ் பண்ணினால் அன்றைக்கே மூடும். ஒரு மனிதர் பெயிலாக வேண்டும் என்று ஆர்ச்வே கோயில் முருகனிடம் நேர்த்தி வைக்கலாமா என்று அரை நாள் யோசித்தான். முருகனும் ஒருமுறை அப்பாவுக்கே பாடம் எடுத்தவர் என்பதால் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்ல முடியவில்லை.

பதினாறாம் திகதி சனிக்கிழமை காலை அவன் 3.07க்குப் போனான். இன்னும் இரண்டு நாள்தான். ஜியாயி கொங்கிரீட்டில் இருந்தாள். ரோவேனாவின் தங்கை நாவைத் துருத்தியிருந்தாள். சன்னல் பக்கம் இடமில்லை. கடைசித் தூணுக்குப் பின்னால் ஒரு மேசை இருக்கிறதே என்று போனான்.

அங்கே கலாநிதி வாமதேவன் இருந்தார்.

முன்னால் தீ பாதுகாப்புக் கையேடு. அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிளாஸ்கில் சாய்த்து வைத்த போனில் ஹவுன்ஸ்லோவில் ஒரு சமையலறை. கம்பளிச் சட்டை போர்த்திய கதிரையில் வயதான பெண்மணி ஒருவர் இருந்து சுளகில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். வாமதேவனின் அம்மா, பாலாம்பிகை.

"எட்டு நிமிசமா அதே பக்கம்," என்றது போன்.

"மெதுவாக் கதையுங்கோ அம்மா, இது சைலன்ற் ரூம்," என்று நிமிர்ந்த வாமதேவன் றஜீவனைக் கண்டார். கொஞ்ச நேரம் இருவரும் முருங்கை இலையைப் பார்த்தார்கள்.

"அம்மா தனிய இருக்கிறா, தம்பி," என்றார் அவர். "அதுதான் நான் பாத்துக்கொள்ளுறன்."

"ஆர் தனிய?" என்றார் பாலாம்பிகை. "எனக்குக் கோயிலுக்குப் போகவேணும். மூண்டு நாளா இவன் என்னை எழும்ப விடுறானில்லை. நான் எழும்பினா இவனும் எழும்பித் தேத்தண்ணி போடப் போறானாம்."

வாமதேவன் போனைக் கவிழ்க்கக் கையை நீட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, கையேட்டை றஜீவன் பக்கம் தள்ளினார்.

"வந்தனீர் வந்தீர். நாலு கேள்வி கேளும். தீயணைக்கிற சிலிண்டருகளின்ர நிறம் எனக்கு மனதில நிக்குதில்லை."

றஜீவன் உட்கார்ந்தான். எதிரில் இருந்த மனிதரின் நெற்றி வியர்த்திருந்தது. ஒரே ஒரு பிழையான நிறத்தை அழுத்திச் சொன்னால் போதும். சன்னல் பக்கத்துக் கதிரை, ஜியாயியின் இரண்டு தாள், பன்னிரண்டு அடிப் பேனர், எல்லாம் தப்பிக்கும்.

"மின்சாரத்தில பிடிச்ச நெருப்புக்கு எந்த நிறப் பட்டை?"

"சிவப்பு."

போனில் கை நின்றது. பாலாம்பிகை பதில் தெரியாமல், ஆனால் பதில் முக்கியமென்று தெரிந்து, றஜீவனைப் பார்த்தார்.

"சிவப்பு தண்ணி, சேர்," என்றான் றஜீவன். "மின்சாரத்துக்குத் தண்ணி அடிச்சா ஆள் அதோட சரி. கறுப்பு."

"கறுப்பு," என்று வாமதேவன் சின்னப் பிள்ளை மாதிரித் திருப்பிச் சொன்னார்.

"எழுதடா, மறந்துபோவாய்," என்றார் பாலாம்பிகை.

அவர் எழுதினார்.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு முடிவு வந்தது. சரியாக எண்பது. ரஞ்சனா அதை அச்சடித்து, மூடும் உத்தரவோடு சேர்த்துக் கிளிப் போட்டு உள்ளே கொண்டுபோனார். கதவு சாத்தப்பட்டது. றஜீவன் வெளியே நின்று சுவரில் இருந்த தீயணைப்புச் சிலிண்டரை வாசித்தான். கறுப்புப் பட்டை. சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று அப்போதும் ஒருமுறை தோன்றியது.

முக்கால் மணிநேரம் கழித்து வாமதேவன் அவனை உள்ளே கூப்பிட்டுத் தாமே வாசித்துக் காட்டினார்.

"3.07 தொடர்பான முடிவு பற்றியது. மேற்படி அறையில் நிகழ்வது நீண்டகால அவதானிப்புக்குரியது. அதனை இப்போது கலைப்பது விஞ்ஞானத்துக்குச் செய்யும் துரோகம். ஆகவே மூடும் உத்தரவு மறு அறிவித்தல் வரை ஒத்திவைக்கப்படுகிறது. கதிரைகளை மாற்றலாம், இருப்பவர்களை மாற்றலாகாது. தூணுக்குப் பின்னாலுள்ள மேசை ஆய்வாளருக்கு ஒதுக்கப்பட வேண்டும்." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "என்ன நினைக்கிறீர்?"

"நல்ல முடிவு, சேர். அந்த ஆய்வாளர் ஆர்?"

"அது இன்னும் தீர்மானிக்கேல்லை," என்றார் அவர். "ஒண்டு சொல்லிவைக்கிறன். சனிக்கிழமை நீர் பாத்தது வெளியூக்கம் இல்லை. களப்பணி."

"ஓம் சேர்."

ரஞ்சனா அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை, மறுபரீட்சைக்கு முதல்நாள், றஜீவன் விடிந்ததும் கிளம்பிப் போய் 3.07 கதவைத் திறந்தான். சன்னல் பக்கத்தில் புதுக் கதிரை போட்டிருந்தார்கள், அது ஆடியது. தூணுக்குப் பின்னால் பழையது ஒன்று இருக்குமென்று எட்டிப் பார்த்தான்.

வாமதேவன் இருந்தார். இனி அவருக்கு எழுத ஒரு தேர்வும் இல்லை. முன்னால் ஊக்கத்தைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம். தான் மூன்று தரம் வாசித்ததாக அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லும் புத்தகம். பதினோராம் பக்கத்தில் இருந்தார்.

போன் பிளாஸ்கில் சாய்ந்திருந்தது. ஹவுன்ஸ்லோச் சமையலறையில் ஆள் இல்லை. பாதி உருவிய முருங்கை இலை சுளகில் கிடந்தது. கதிரை முதுகில் போர்த்தியிருந்த கம்பளிச் சட்டையைக் காணவில்லை. கோயிலுக்குப் போயிருக்க வேண்டும். குழாய் ஒன்று சொட்டுச் சொட்டாக ஒழுகுவது மட்டும் கேட்டது.

வாமதேவன் நிமிர்ந்து அந்த வெறும் சமையலறையைப் பார்த்தார். போன் சரியாமல் பிளாஸ்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பக்கத்தைப் புரட்டினார்.